விடிய அஞ்சரை மணி யாருக்குச் சொந்தம்? – வாசகியர் கேள்வி பதில்

இந்த முறை எங்கட திருகோணமலைப் பக்கத்தில இருந்து வந்த கடிதங்கள்ல கனக்க ஒரே விசயத்தைச் சுத்தித்தான் இருக்கு, உடம்பை ஒழுங்கா வச்சிருக்கணும் எண்டு ஆசை இருக்கு ஆனா தொடர்ந்து செய்ய ஏலாம இருக்கு எண்டு. எழுதினவங்க எல்லாருமே பிள்ளைகள் இருக்கிற அம்மாமார், ஒரே ஒரு கடிதம் மட்டும் ஒரு கணவர் அனுப்பினது. அதனால இந்த மாசம் சமையல், படிப்புக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வச்சிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறன்.

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயசு, ரெண்டு பிள்ளைகள், மூத்தவன் ஆறாம் ஆண்டு, சின்னவ முதலாம் ஆண்டு. நான் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) வேலை. ஒவ்வொரு மாசமும் முதலாம் திகதி விடிய அஞ்சரை மணி வோக்கிங் தொடங்குவன், அலாரம் வைப்பன், புதுச் சப்பாத்தும் வாங்கி வச்சிருக்கிறன், மூண்டு நாலு நாள் போவன், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் இல்லாட்டி மழை பெய்யும், அதோட விட்டுப்போகும். யூரியூப்ல மோட்டிவேசன் வீடியோ பாத்தா அண்டைக்கு மட்டும் ஒரு வேகம் வருது, அடுத்த நாள் திருப்பியும் பஞ்சி. எனக்கு மனவுறுதி இல்லையா?
– வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, மனவுறுதி இல்லாத ஆள் ஒவ்வொரு மாசமும் திருப்பித் திருப்பித் தொடங்க மாட்டா. நீங்க எழுதாட்டிலும் உங்கட காலமை எப்படி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும், வெள்ளன எழும்பி புட்டோ இடியப்பமோ அவிச்சு, சொதி வச்சு, ரெண்டு சாப்பாட்டுப் பெட்டி கட்டி, ஸ்கூல் வான் ஹோர்ன் அடிக்க முதல் சின்னவவுக்குத் தலை இழுத்து, பிறகு நீங்க ஓடி வெளிக்கிட்டு ஒபிஸுக்குப் போய்ச் சேர்றது. இதை வருசக்கணக்கா ஒரு நாளும் விடாமச் செய்யிற ஆளுக்கு மனவுறுதி இல்லை எண்டு சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். உங்களுக்குக் குறைவா இருக்கிறது மத்தவங்க கை வைக்காத நேரம்.

நீங்க எடுத்த அந்த அஞ்சரை மணி வோக்கிங் நேரம் வீட்டில யாருக்கும் தெரியாத நேரம். நீங்க யாரிட்டயும் சொல்லிக் கேட்டு எடுக்கேல்ல, நித்திரையில இருந்து கொஞ்சம் குறைச்சு சத்தம் போடாம எழும்பிப் போனீங்க, அதனாலதான் காய்ச்சல் வந்த அண்டைக்கு முதல்ல போனது அந்த நேரம். பிள்ளைட ரியூசன் நேரத்தை யாரும் தொடுறதில்ல பாருங்க, காய்ச்சல் மாறினதும் பிள்ளை திரும்ப ரியூசனுக்குப் போகுது, ஏனெண்டா அது எல்லாருக்கும் தெரிஞ்ச நேரம், காசு கட்டின நேரம். அம்மாட நேரம் மட்டும்தான் எங்கட வீடுகள்ல கேள்வி இல்லாமப் போற நேரம்.

அதனால நீங்க முதல்ல செய்ய வேண்டிய வேலை சப்பாத்துப் போடுறது இல்ல, கேக்கிறது. ஒரு ஞாயித்துக்கிழமை இரவு உங்கட அவரையும் மூத்தவனையும் இருத்தி வச்சுக் கதையுங்க. "எனக்கு உதவி செய்வீங்களா" எண்டு பொதுவாக் கேட்டா எல்லாரும் ஓம் எண்டு தலையாட்டுவாங்க, திங்கக்கிழமை ஒண்டும் நடக்காது. திங்கள், புதன், வெள்ளி அஞ்சரையில இருந்து ஆறு பத்து வரைக்கும் நான் வீட்டில இல்லை, அந்த நேரம் சின்னவவை எழுப்பி முகம் கழுவ விடுறது நீங்க, தண்ணிப் போத்தல் நிரப்புறது மூத்தவன் எண்டு பேர் சொல்லிப் பிரிச்சுக் குடுங்க. அதை எழுதி பிரிட்ஜ்ல ஒட்டுங்க, ரியூசன் டைம்டேபிளுக்குப் பக்கத்திலயே. பதினொரு வயசுப் பொடியனுக்குத் தண்ணிப் போத்தல் நிரப்ப ஏலும், உங்கட அவருக்கு இன்னும் கனக்க ஏலும், நாங்கதான் கேக்கிறதில்ல.

மனசு வந்தாச் செய்வம் எண்டு காத்திருக்கிற பழக்கத்தையும் விடுங்க. சீட்டுக் காசு கட்டுறம்தானே, திகதி வந்தாக் கட்டுறம், இண்டைக்கு எனக்கு உற்சாகம் இருக்கா எண்டு யோசிச்சா கட்டுறம்? நடக்கிறதும் அப்படித்தான் இருக்கணும். அந்த வீடியோக்கள்ட வேகம் அடுத்த நாள் விடியும் வரைக்கும் நிக்காது எண்டு உங்களுக்கே தெரியுது.

21 நாள் செய்தாப் பழக்கம் வந்திடும் எண்டு எல்லா இடமும் சொல்லுவாங்க, அதை நம்பி 22ஆம் நாளும் பஞ்சியா இருந்தா எனக்குத்தான் ஏதோ பிழை எண்டு நினைச்சுப் போடாதீங்க. லண்டன்ல யூனிவர்சிட்டி கொலிஜ் ஆராய்ச்சியாளர்கள் 2009ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு, 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தை எடுத்து ஒவ்வொரு நாளும் செய்து பாத்தாங்க, அது தன்னால வாற அளவுக்குப் பழக்கமாக நடுவாப் பாத்தா 66 நாள் எடுத்திச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். காலமை ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கிற மாதிரிச் சின்னப் பழக்கம் கெதியா வந்திச்சு, எக்சசைஸ் பழக்கத்துக்குத்தான் கூட நாள் தேவைப்பட்டிச்சு. அதில எனக்கு மிச்சம் பிடிச்ச விசயம் என்னண்டா இடையில ஒரு நாள் விட்டதால பழக்கம் வாறது பெருசாக் குழம்பேல்ல. அதால காய்ச்சல் வந்த அண்டைக்கு விடுங்க, பிள்ளையோட இருங்க, அது சரி. முதலாம் திகதி வரைக்கும் காத்திருக்கிறதுதான் பிழை, புதன்கிழமை விட்டா வெள்ளிக்கிழமை போங்க, திகதிக்கும் உங்கட காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

மழைக்கு இப்பவே ஒரு ஏற்பாடு வச்சிருங்க. எங்கட பக்கம் கார்த்திகை, மார்கழி, தை வரைக்கும் எப்படியும் மாரிதான், அந்த மூண்டு மாசத்தையும் லீவு விட்டா வருசத்தில கால்வாசி போயிடும். மழை நாளுக்கு வீட்டுக்குள்ள பத்து நிமிசம், விறாந்தையில வேகமா அங்கயும் இங்கயும் நடை, கதிரையில இருந்து கையூண்டாம எழும்பி இருக்கிறது பத்துத் தரம், சுவர்ல கை வச்சுத் தள்ளுறது பத்துத் தரம், திருப்பியும் நடை. பத்து நிமிசத்தில என்ன வரப்போகுது எண்டு நினைக்க வேணாம். உலக சுகாதார நிறுவனம் 2020ல தன்ட வழிகாட்டலை மாத்தி எழுதேக்க, ஒரே மூச்சில பத்து நிமிசமாவது செய்தாத்தான் கணக்கு எண்ட பழைய நிபந்தனையை எடுத்திட்டாங்க, இப்ப அஞ்சு நிமிசமும் கணக்குத்தான். பெரியவங்களுக்கு அவங்க சொல்ற அளவு கிழமைக்கு 150ல இருந்து 300 நிமிசம் நடுத்தர வேகத்தில, அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வலு குடுக்கிற பயிற்சி. நடுத்தர வேகம் எண்டா நடந்துகொண்டே கதைக்க ஏலணும், ஆனா பாட்டுப் பாட ஏலாம மூச்சு வாங்கணும். உங்களுக்குத் தொடக்கத்தில மூண்டு நாள் நாப்பது நிமிசம் கிடைச்சா 120, மிச்ச முப்பதை நான் வேற இடத்தில எடுத்துத் தாறன் பாருங்க.

மூத்தவன் பின்னேரம் பிராக்டிஸுக்குப் போறவனா? எங்கட ஏகாம்பரம் மைதானத்திலயும் மக்கேய்சர் மைதானத்திலயும் பின்னேரம் போய்ப் பாத்தா பிள்ளைகள் உள்ளுக்கு ஓடும், அம்மாமார் ஓரமா இருந்து போன் பாத்துக்கொண்டிருப்பாங்க, ஒரு மணித்தியாலம். நான் ஸ்கூல்ல விளையாட்டு ரீச்சரா இருந்த காலத்தில இருந்து இதைப் பாத்து மனவருத்தப்படுறன், ஏனெண்டா அந்த ஒரு மணித்தியாலம் யாரும் உங்களிட்ட ஒண்டும் கேக்காத நேரம், பிள்ளை கண்ணுக்கு முன்னால, குசினி தூரத்தில. ஓரத்தாலயே நடங்க, இன்னொரு அம்மாவையும் கூப்பிடுங்க, கதைச்சுக்கொண்டு நடந்தா அரை மணித்தியாலம் தெரியாமப் போகும், ரியூசன் வாசல்ல காத்து நிக்கிற அம்மாமாருக்கும் இதைத்தான் சொல்றன்.

விடிய நடக்க இடம் கேட்டா, உவர்மலையில இருக்கிற உங்களுக்கு அந்த ஏத்தமும் இறக்கமுமே நல்ல பயிற்சி, கடல் வேணுமெண்டா உள்துறைமுக வீதி, வெள்ளிக்கிழமை எண்டா கோட்டை வாசலால நடந்தே கோணேசர் கோயிலுக்கு ஏறுங்க, மானெல்லாம் றோட்டோரம் நிக்கும், மேல போகேக்க சூரியன் கடலுக்குள்ளால எழும்பும். ஓட்டோவில ஏறி வாசல்ல இறங்கிற ஆக்களுக்கு இந்தக் காட்சியில பாதிதான் கிடைக்குது.

நடந்திட்டு வந்த அண்டைக்கு உங்களுக்கு என்ன வித்தியாசமா இருந்திச்சு எண்டு இரவு படுக்கப் போக முதல் யோசிச்சுப் பாருங்க. நித்திரை நல்லா வந்திச்சா, நாரி நோ குறைஞ்சிச்சா, பிள்ளைகளுக்குக் கத்துறது குறைஞ்சிச்சா எண்டு. நிறை குறையிறது மாசக்கணக்கில தெரியிற விசயம், அதை மட்டும் பாத்துக்கொண்டிருந்தா யாருக்கும் மனசு விட்டுப்போகும், இந்த மத்த வித்தியாசங்கள் அண்டைக்கண்டைக்கே தெரியும், திரும்பப் போகச் சொல்லித் தள்ளுறதும் அதுதான்.

கேள்வி: அக்கா, அவர் கட்டார்ல. நானும் மாமியும் ரெண்டு பிள்ளைகளும். விடிய நடக்கப் போனா "புருசன் இல்லாத வீட்டில இவ எங்க வெளிக்கிட்டுப் போறா" எண்டு ஒழுங்கையில கதைக்கிறாங்க, மாமிக்கும் அது பிடிக்கேல்ல. நாய்களும் கனக்க, தனியப் போகப் பயம். நிப்பாட்டிட்டன்.
– வாசகி, அன்புவழிபுரம்

பதில்: இதை வாசிக்க எனக்குக் கவலையாத்தான் இருந்திச்சு. ஒரு அம்மா தன்ட உடம்புக்காக அரை மணித்தியாலம் றோட்டில நடக்கிறது எந்த விதத்திலயும் பிழை இல்ல, கதைக்கிறவங்க நாளைக்கு உங்களுக்குப் பிரஷர் வந்தாலோ சீனி வருத்தம் வந்தாலோ கிளினிக் வரிசையில உங்களுக்குப் பதிலா வந்து நிக்கப் போறதில்ல. ஆனா அந்த ஒழுங்கையிலதான் நீங்க வாழணும் எண்டதும் எனக்கு விளங்குது, அதனால சண்டை பிடிக்கச் சொல்ல மாட்டன்.

மாமியைக் கூட்டிக்கொண்டு போங்க. அவவுக்கு வயசு என்ன எண்டு நீங்க எழுதேல்ல, முழங்கால் நோ, பிரஷர் ஏதாவது கட்டாயம் இருக்கும், கிளினிக்ல அவவுக்கும் நடக்கச் சொல்லித்தான் சொல்லியிருப்பாங்க. "மாமி, டொக்டர் உங்களை நடக்கச் சொன்னவர்தானே, நான் கூட வாறன்" எண்டு தொடங்குங்க, அவ மெதுவாத்தான் நடப்பா, பரவாயில்ல, முதல் பதினைஞ்சு நிமிசம் அவவோட நடந்து அவவைக் கோயில் வாசல்லயோ தெரிஞ்ச வீட்டிலயோ இருத்திட்டு நீங்க அடுத்த பதினைஞ்சு நிமிசம் வேகமாப் போயிட்டு வாங்க. மாமியும் மருமகளும் சேந்து போற நடையைப் பத்திக் கதைக்க ஒழுங்கையில ஒண்டும் இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர் சேந்தா இன்னும் நல்லம், நாய்ப் பயத்துக்கும் அதுதான் மருந்து, ரெண்டு மூண்டு பேராப் போனா நாய் கிட்ட வாறது குறைவு. கையில ஒரு தடி வச்சிருங்க, நாய் துரத்தினா ஓடாதீங்க, ஓடினா அது கட்டாயம் துரத்தும், நிண்டு மெல்லப் பின்னுக்குப் போங்க. கடிச்சிட்டா சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில பதினைஞ்சு நிமிசம் கழுவிட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நாளைக்குப் பாப்பம் எண்டு விடக்கூடாது.

பிள்ளைகளை விட்டிட்டு ரெண்டு பேரும் வெளிக்கிட ஏலாத நாள்ல அவங்களையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் டச்பேக்குப் போங்க. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போற அம்மாவை யாரும் ஒண்டும் சொல்றதில்ல, அங்க போய் இருக்கிறதை விட்டிட்டு ஈரமான இறுகின மணல்ல நடங்க, உலர்ந்த புதைமணல்ல நடந்தா குதிக்காலும் கெண்டைக்காலும் சும்மா இருந்து பழகின ஆக்களுக்கு நோகும், அது பழகின பிறகு பாக்கலாம்.

அவரோட போன்ல கதைக்கேக்க இதையும் சொல்லுங்க. தாயிட்ட அவர் ஒரு சொல்லுச் சொன்னா வீட்டில கனக்க விசயம் லேசாகும்.

கேள்வி: எனக்கு மூண்டாவது பிள்ளை, சிசேரியன், இப்ப நாலு மாசம். வயிறு அப்படியே தொங்குது. உம்மா வயித்தைக் கட்டச் சொல்றா. இருமினா, தும்மினா கொஞ்சம் சிறுநீர் போகுது, இதை யாரிட்டயும் சொல்ல வெக்கம். யூரியூப் பாத்து வயித்துக்கு சிட்-அப்ஸ் தொடங்கலாமா? பால் குறைஞ்சிடுமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: நல்லவேளை எழுதினீங்க தங்கச்சி, இந்தச் சிறுநீர்க் கதை பிள்ளை பெத்த கனக்கப் பேருக்கு இருக்கு, வெக்கத்தில சொல்லாம வருசக்கணக்கா வச்சிருக்கிறாங்க, குதிக்க ஏலாது ஓட ஏலாது எண்டு எல்லாத்தையும் விட்டிடுறாங்க, ஆனா இது பயிற்சியால நல்லாக் குறையிற விசயம்.

சிட்-அப்ஸ் இப்ப வேணாம். கர்ப்ப காலத்தில வயித்துக்கு நடுவில இருக்கிற தசை ரெண்டு பக்கமா விலகும், சிலருக்கு அது பிறகும் சேராம இருக்கும். மல்லாந்து படுத்து தலையைக் கொஞ்சம் தூக்கேக்க தொப்புளுக்கு மேல கீழ நடுவில கூரை மாதிரிப் பிதுங்கினாலோ ரெண்டு விரலுக்கு மேல இடைவெளி தெரிஞ்சாலோ சிட்-அப்ஸ் அதைக் கூட்டக்கூடும். கட்டுறது முதுகுக்குக் கொஞ்சம் ஆதரவா இருக்கும், உம்மாட மனசுக்காக இறுக்காமக் கட்டுங்க, ஆனா துணி தசைக்கு வலு குடுக்காது.

முதல்ல இடுப்புக்கு அடியில சிறுநீர்ப்பையைத் தாங்கிற தசை. சிறுநீரையும் காத்தையும் ஒரே நேரத்தில அடக்கிற மாதிரி உள்ளுக்கு இழுத்துச் சில செக்கன் பிடிச்சு விடுங்க, பிறகு அதே அளவு நேரம் தளரவிடுங்க, பத்துத் தரம், நாளைக்கு மூண்டு முறை. மூச்சை அடக்கக்கூடாது, தொடையையும் இறுக்கக்கூடாது. பிள்ளைக்குப் பால் குடுக்கேக்க செய்யலாம், அப்ப நேரம் தனியத் தேட வேண்டியதில்ல. சிறுநீர் கழிக்கேக்க இடையில நிப்பாட்டிப் பாக்கிறதை ஒரு பயிற்சியாச் செய்யாதீங்க, அது கூடாது. மூண்டு மாசம் விடாமச் செய்தும் குறையேல்ல எண்டா பெண்நோய் கிளினிக்ல சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பக் கேளுங்க, கேக்கிறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. இதோட மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கிறதும், நடையும் போதும். நாலு மாசம் எண்டா காயம் ஆறியிருக்கும், ஆனா வெட்டின இடம் இழுத்தாலோ நொந்தாலோ நிப்பாட்டிட்டு மிட்வைப் மிஸ்ஸிட்டக் காட்டுங்க. ஓட்டம், குதிக்கிற பயிற்சி எல்லாம் சிறுநீர் போறது நிண்ட பிறகு.

பால் குறையாது. நடுத்தர அளவு எக்சசைஸால பாலும் குறையிறதில்ல பிள்ளைட நிறையும் குறையிறதில்ல, பால் குடுத்திட்டுப் போனா உங்களுக்கும் பாரம் இல்லாம இருக்கும், தண்ணியைக் கூடக் குடியுங்க.

கேள்வி: நான் ஹோட்டல்ல ரூம் கிளீனிங். நாள் முழுக்க நிண்டு குனிஞ்சு வேலை, வீட்டுக்கு வந்தா சமையல், உடுப்புத் தோய்ப்பு. எனக்கும் எக்சசைஸ் வேணுமா? இடுப்பு முறிஞ்சு போற மாதிரி இருக்கு.
– வாசகி, நிலாவெளி

பதில்: உங்கட வேலையும் உடற்பயிற்சிக் கணக்கிலதான் வரும், உலக சுகாதார நிறுவனமும் வேலை, வீட்டு வேலை, நடை எல்லாத்தையும் சேத்துத்தான் கணக்குப் பாக்குது, அதால நடக்கேல்ல எண்டு மனசைப் போட்டு வருத்தாதீங்க. விடிய நாப்பது நிமிசம் நடங்க எண்டு உங்களுக்கு நான் சொன்னா அது அநியாயம்.

உங்களுக்குத் தேவை நாரிக்கும் தொடைக்கும் வலு. ஒரே மாதிரிக் குனிஞ்சு நிமிர்ந்து செய்யிற வேலை உடம்பைக் களைக்கப் பண்ணும் ஆனா தாங்கிற வலுவைக் கூட்டாது, அதனாலதான் இவ்வளவு வேலை செய்தும் இடுப்பு விட்டுப்போகுது. கிழமையில ரெண்டு நாள், லீவு நாளும் இன்னொரு நாளும், பாயில படுத்து இடுப்பைத் தூக்கிற பயிற்சி பத்துப் பத்தா ரெண்டு முறை, கதிரையில இருந்து எழும்பிறது பத்துப் பத்தா ரெண்டு முறை, கையில ஒண்டரை லீற்றர் தண்ணிப் போத்தல் ரெண்டைப் பிடிச்சுக்கொண்டு தோளுக்கு மேல தூக்கிறது பத்து. பதினைஞ்சு நிமிசத்துக்கு மேல போகாது. வேலையில மெத்தை தூக்கேக்க, வாளி தூக்கேக்க முதுகை வளைக்காம முழங்காலை மடக்கி இருந்து, பாரத்தை உடம்போட ஒட்டிப் பிடிச்சுத் தூக்குங்க, பாரத்தோட இடுப்பைத் திருப்பாம காலைத் திருப்புங்க. நோ காலுக்கு இறங்கினாலோ கால் விறைச்சாலோ பயிற்சியை நிப்பாட்டிட்டு டொக்டரைப் பாக்கணும்.

வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்க்கிறதும் நீங்கதானா? வீட்டில வேற பெரிய ஆக்கள் இருந்தா அந்த வேலையைக் குடுங்க. உங்கட உடம்புக்கு ஓய்வும் மருந்துதான்.

கேள்வி: ரெண்டு மாசமா விடாம நடக்கிறன், நிறை ஒரு கிலோதான் குறைஞ்சிருக்கு. வெறுத்துப் போச்சு. ரீ தவிர வேற ஒண்டும் பெருசாச் சாப்பிடுறதில்ல.
– வாசகி, பாலையூற்று

பதில்: ரெண்டு மாசம் விடாம நடந்திருக்கிறீங்க, அதை நீங்க சின்ன விசயமா எழுதியிருக்கிறீங்க, இந்தப் பக்கத்துக்கு எழுதின மத்த அம்மாமார் எல்லாரும் ஆசைப்படுறது அதுக்குத்தான்.

அந்த ரீயைப் பத்திக் கொஞ்சம் கதைப்பம். ஒரு நாளைக்கு நாலு ரீ, ஒண்டுக்கு ரெண்டு கரண்டி சீனி எண்டு வச்சா எட்டுத் தேக்கரண்டி, 32 கிராம் அளவில, அது 130 கலோரிக்குக் கிட்ட. 65 கிலோ நிறையுள்ள ஆள் அரை மணித்தியாலம் வேகமா நடந்தா எரிக்கிறதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ரின்பால் ரீ எண்டா இன்னும் கூட. ஒரு நாளைக்குச் சேக்கிற சீனி ஆறு தேக்கரண்டி, அதாவது 25 கிராம் அளவுக்குள்ள இருந்தா நல்லம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பிஸ்கட்ல ஜூஸ்ல இருக்கிறதெல்லாம் அதுக்குள்ளதான். ஒரேயடியா விடச் சொல்லேல்ல, கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்க, நாக்கு பழகிடும்.

தராசை ஒரு பக்கம் வச்சிட்டு அளவு நாடாவை எடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில, மூச்சை விட்டிட்டு, வயித்தை உள்ளுக்கு இழுக்காம அளவெடுங்க. எங்கட தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல போனா சீனி வருத்தம், இருதய வருத்தம் வாற வாய்ப்புக் கூடுது, நிறை அதே அளவில நிண்டாலும் இந்த அளவு குறைஞ்சா உள்ளுக்கு நல்லது நடக்குது எண்டுதான் அர்த்தம். மாசத்துக்கு ஒருக்கா அளந்தாப் போதும். நிறை குறையாட்டிலும் நடையால பிரஷருக்கும் சீனிக்கும் நித்திரைக்கும் வாற நன்மை வந்துகொண்டுதான் இருக்கும், அதால தயவு செய்து நிப்பாட்டிடாதீங்க.

கேள்வி: போன் ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்கச் சொல்லுது, எனக்கு 5,000 தாண்டுறதே கஷ்டம். பிரயோசனம் இருக்கா?
– வாசகி, மூதூர்

பதில்: இருக்கு. அந்த 10,000 எண்ட கணக்கு 1965ல ஜப்பான்ல விக்க வந்த ஒரு அடி எண்ணுற கருவிட பேர்ல இருந்து வந்தது, ஆய்வு செய்து கண்டுபிடிச்ச அளவு இல்ல. 2019ல அமெரிக்காவில சராசரி 72 வயசுப் பெண்கள்ல செய்த ஒரு பெரிய ஆய்வில, நாளைக்கு 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 அடி நடந்தவங்களுக்கே இறப்பு வீதம் நல்லாக் குறைஞ்சிருந்திச்சு, 7,500 அளவுக்குப் பிறகு கூடுதல் நன்மை பெருசாத் தெரியேல்ல. அவங்களை விட உங்களுக்கு வயசு குறைவாத்தான் இருக்கும், 5,000த்தை மெல்ல 7,000 ஆக்கப் பாருங்க, போனைப் பாத்துக் கவலைப்படாதீங்க.

கேள்வி: எனக்கு 41. எக்சசைஸ் செய்ய ஆசைதான், ஆனா விடிய எழும்பேக்கயே களைப்பு, படி ஏறினா மூச்சு வாங்குது, தலைமயிர் கொட்டுது. எல்லாரும் பஞ்சி எண்டு சொல்றாங்க.
– வாசகி, தம்பலகாமம்

பதில்: இது பஞ்சி எண்டு எனக்குப் படேல்ல. நீங்க நடக்கத் தொடங்க முதல் ரத்தம் சோதிச்சுப் பாக்கணும். இரத்தச்சோகை, தைரொயிட் ரெண்டுக்கும் இதே குணங்குறிதான், மாதவிடாய் கூடப் போற ஆக்களுக்கு இரத்தச்சோகை வாறது சாதாரணம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருந்தா அது இரத்தச்சோகை. 35 வயசு தாண்டினவங்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல இருக்கிற ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரர்ல பிரஷர், சீனி, நிறை எல்லாம் காசில்லாமப் பாப்பாங்க, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல வெல் வுமன் கிளினிக் எந்த நாள் எண்டும் கேளுங்க, அங்க மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையும் சேத்துச் செய்வாங்க. களைப்பைப் பத்தியும் அங்கயே சொல்லி ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பாக்கணுமா எண்டு கேளுங்க.

இரும்புச்சத்துக் குளிசை தந்தா ரீயோடயும் பாலோடயும் குடிக்காதீங்க, தேசிக்காய்த் தண்ணியோட குடிச்சா நல்லா உறிஞ்சும். சோறு சாப்பிட்ட கையோட பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் எங்கட ஊர்ல கனக்க, அதுவும் சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்து உடம்பில சேர்றதைக் குறைக்கும், ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்க. முருங்கையிலை வறை, கீரை, மீன், கடலை, பருப்பு எல்லாம் தட்டில இருக்கட்டும், எல்லாருக்கும் போட்டு முடிச்சு மிஞ்சின குழம்பைச் சோத்தில பிசைஞ்சு சாப்பிடுற அம்மாவா இருந்தா அதை இண்டைக்கே மாத்துங்க, மீன் துண்டில உங்களுக்கும் பங்கு இருக்கு. ரத்தச் சோதனை முடிவு தெரியும் வரைக்கும் மெதுவா பத்து நிமிசம் நடந்தாப் போதும், நெஞ்சு இறுக்கிறது, தலை சுத்துறது இருந்தா அதுவும் வேணாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கேள்வி: என்ட மனைவி டீச்சர், மூண்டு பிள்ளைகள். முந்தி நெற்போல் விளையாடினவ. இப்ப நாரி நோ, பிரஷரும் தொடங்கியிருக்கு. நடக்கப் போ எண்டு சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப் போச்சு. நான் எப்படி ஊக்கப்படுத்தலாம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, அக்கறையோட எழுதியிருக்கிறீங்க, அதுக்கு முதல்ல சந்தோசம். இனி "நடக்கப் போ" எண்டு சொல்றதை நிப்பாட்டுங்க. அவவுக்கு அது ஏற்கனவே இருக்கிற வேலைகளோட இன்னொரு வேலையாத்தான் கேக்கும், செய்யாட்டி குற்ற உணர்ச்சியும் சேரும். நிறையைப் பத்தி, பழைய போட்டோவைப் பத்தி ஒண்டும் கதைக்காதீங்க.

அவ போக ஏலாததுக்குக் காரணம் அந்த நேரத்தில வீட்டில என்ன வேலை கிடக்கு எண்டதுதான், அதைப் பாருங்க. பின்னேரம் அஞ்சு மணிக்கு மூண்டு பிள்ளைட ஹோம்வேர்க், குளிப்பு, இரவுச் சாப்பாடு. கிழமையில மூண்டு பின்னேரம் அதை நீங்க முழுசா எடுங்க. முழுசா எண்டா, அவ நடந்துகொண்டிருக்கேக்க போன் எடுத்து சின்னவன்ட கலர்ப் பென்சில் எங்க, பாண் வாங்கவா ரொட்டி சுடவா எண்டு கேக்கக்கூடாது. அவ திரும்பி வரேக்க குசினியில கழுவாத கோப்பை அடுக்கிக் கிடக்கக்கூடாது, கிடந்தா அடுத்த முறை அவவுக்குப் போக மனசு வராது.

நெற்போல் விளையாடினவ எண்டு எழுதியிருக்கிறீங்க, அது பெரிய விசயம், தனிய நடக்கிறதை விட பந்தோட ஓடுறதுக்கு அவட மனசு கெதியா வரும். ஸ்கூல்ல பிள்ளைகளைப் பழக்கிற பொறுப்பை எடுக்கிறாவா எண்டு கேளுங்க, பழைய தோழிகள் நாலு பேரைச் சேத்தா ஞாயித்துக்கிழமை ஒரு மணித்தியாலம் விளையாடலாம். பிரஷர் தொடங்கியிருக்கிறதால முதல்ல டொக்டரிட்ட என்ன அளவுக்குச் செய்யலாம் எண்டு கேட்டுக்கொள்ளுங்க, கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்க. வாற திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு நீங்க வேலையால நேரத்துக்கு வீட்டுக்கு வர ஏலுமா எண்டு முதல்ல பாருங்க, அதுக்குப் பிறகு மனைவியிட்ட இதைக் கதையுங்க.